தவளையின் நிறத்தை நம்மிடம் கேட்டவர்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே என் ஷேர் ஆட்டோ சிக்கிக்கொண்டு நின்றபோது அருளப்பன் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. "இன்னா வசந்தி, இன்னிக்கும் லேட்டா? மேனேஜரு உன்னத் தேடிக்கினு கீறாரு. இன்னா பொய் சொல்லட்டும், சீக்கிரம் சொல்லு." நல்ல பொய்யாக ஒன்றைச் சொல்லி அனுப்பினேன். அவர் அதைக் கேட்டதற்கான நீலக் குறி விழவே இல்லை. கண்டெய்னர் யார்டு வாசலில் இறங்கியபோது காவலாளி என்னைப் பார்த்து, "அருளு சார் போய்ட்டாரும்மா" என்றார். "எங்கே போனார்?" என்று கேட்டேன்.

அப்படிக் கேட்டேன் என்பதை இப்போதும் என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் வேறு எப்படிக் கேட்பது? அவருடைய ஹெல்மெட் பைக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. டீ குடித்த கிளாஸ் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. கண்டெய்னர் நிழலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூட உயிர் போய்ச் சேரவில்லை. ஐம்பது வயதைத் தொடாத மனிதர். காய்ச்சல் என்று ஒருநாள் லீவு போட்டதில்லை. மரணம் சொல்லிவிட்டு வராது என்பார்கள். இவ்வளவு மட்டுமரியாதை இல்லாமல் வரும் என்று எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கப்போகிற உங்களில் பாதிப் பேர் அவரை மணலி சாலை யார்டின் சர்வேயராக அறிவீர்கள். காலியாகித் திரும்பிவரும் கண்டெய்னர்களில் எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. நான் அதே யார்டில் கணினி முன் உட்கார்ந்து பதிவு போடுகிறவள். மீதிப் பேருக்கு அவர் 'தவளை அருள்'. ராயபுரத்து வீட்டின் மாடியில் கண்ணாடித் தொட்டிகளில் ஆஸ்திரேலிய மரத்தவளைகள் வளர்த்தார். கொழுகொழுவென்று, கன்னம் தொங்க, கோயில் உண்டியல் மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்த இனத்துக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் 'டம்பி'. ராயபுரத்திலிருந்து மீஞ்சூர் வரை டம்பி வாங்க ஆசைப்பட்ட யாரும் அருள் அண்ணன் இல்லாமல் கடைப்படி ஏறியதில்லை. பச்சை என்று வாங்கியது வீட்டுக்கு வந்து பழுப்பாகும், நீலம் என்று வாங்கியது மறுநாளே பச்சையாகும். அந்த இனத்தின் சங்கதி அப்படி. அவர் கூட வந்து வாங்கியது மட்டும் யாரையும் ஏமாற்றியதில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டில் செபம். முடிந்ததும் எல்லாரும் கலையாமல் மாடியில் தொட்டிகளைச் சுற்றி நின்றோம். கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்க்கும் சங்கர் வாய்விட்டு அழுதான். "அண்ணன் கண்ணு மாரி யாருக்கு வரும்? பச்சையில எத்தினி பச்சை கீதுன்னு பாத்து சொல்லுவாரே!" என்றான். ஆமாம் ஆமாம் என்று நாங்கள் தலையாட்டினோம். அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா மூன்று நாளாகச் சாப்பிடாமல் சுவரில் சாய்ந்திருந்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"கண்ணு, கண்ணுன்னு அல்லாரும் சொல்லிக்கினு கீறீங்களே, இன்னா கண்ணு? அவருக்கு பச்சையும் தெரியாது, காப்பி கலரும் தெரியாது. ரெண்டும் ஒண்ணுதான் அவருக்கு. பொறந்ததுலேர்ந்து அப்டித்தான்!"

சொன்ன உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா என்பதுபோல் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.   

முதலில் வாய் திறந்தது மீன் தொட்டிக் கடை பாபு. எங்கள் பக்கத்தில் டம்பி விற்கும் கடை அவனுடையது. "அப்போ இத்தினி வருசமா கலரே தெரியாத ஆளு பேச்சக் கேட்டா என் கஸ்டமர அல்லாம் திருப்பிக்கினு போனீங்க?" என்றான். சங்கர் அழுகையை நிறுத்தினான். "அப்போ என் தவளை?" என்று கேட்டான். துக்க வீடு என்று பார்த்து அன்று கலைந்துவிட்டோம். ஆனால் அன்று மாலைக்குள் தவளை வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விஷயம் பரவிவிட்டது. கண் தெரியாதவர் கண்ணிருப்பதாக நடித்தார், நம்மை எல்லாம் முட்டாளாக்கினார் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். பிலோ அக்கா எனக்குப் போன் செய்து, "எம் புருசன் பேர நானே கெடுத்துட்டேனே வசந்தி" என்று கதறினார்.

செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். பத்து வருஷமாகப் பக்கத்து நாற்காலி. என் மாமியார் சண்டையிலிருந்து என் கர்ப்பப்பை ஆபரேஷன் வரை எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் இதை என்னிடம் சொல்லவில்லை. ஏமாற்றினாரா, இல்லையா? அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த அருளப்பனை முதலிலிருந்து திரும்பப் பார்த்தேன்.

நான் டம்பி வாங்கப் போன கதையை யார்டில் எல்லாரும் அறிவீர்கள். அண்ணனின் போனில் ஒரு டம்பியின் படத்தைப் பார்த்தேன், அது அசல் எங்கள் மேனேஜர் முகமாகவே இருந்தது, வாங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். "தேரை வூட்டுக்குள்ள வந்தா புள்ளைங்க தேரை மோந்த தேங்கா மாரி ஆயிடும்டி" என்று மாமியார் ஆடினார். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அப்போதே ஆளுக்கொரு குதிர் மாதிரி இருந்தார்கள், கொஞ்சம் இளைத்தால் நல்லது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பாபு கடையில் தொட்டிகள் ஊதா விளக்கில் ஜொலித்தன. எல்லாத் தவளையும் நீலமாகத் தெரிந்தது. அண்ணன் உள்ளே நுழைந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "பாபு, லைட்ட அமத்து. கடை லைட்டுல என் செருப்புகூட நீலம்தான்." தொட்டியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். பிறகு எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "மொதல்ல குந்து. அது நம்மளப் பாத்து மெரண்டு கீது. பயம் போனாத்தான் அது கலரு வரும்." டீ வந்தது, குடித்தோம். அப்புறம்தான் கேட்டார். "இப்போ நீ சொல்லு. இன்னா கலரு?"

"பழுப்பு" என்றேன்.

"டீ மாரியா, டிகாஷன் மாரியா?"

"டீ மாதிரி."

பாபு குறுக்கே வந்தான். "அது சாக்லேட்டு டம்பி அண்ணாத்தே. ரேர் ஐட்டம்." அண்ணன் பதில் சொல்லவில்லை. தொட்டி முன் குந்தி, தவளையின் தொண்டை படபடவென்று அடிக்கிறதா, விலா ஒட்டியிருக்கிறதா, தோல் காய்ந்திருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தார். முதுகில் வெள்ளைப் புள்ளி தெளித்த 'ஸ்னோஃப்ளேக்' வகை ஒன்று பக்கத்தில் இருந்தது. "புள்ளி அழியாது, அத நம்பலாம். முதுகு கலரு இன்னிக்கி ஒண்ணு, நாளிக்கி ஒண்ணு. வசந்தி, ரெண்டு நாள் கயிச்சு வரலாம்" என்று எழுந்துவிட்டார். இரண்டு நாள் கழித்துப் போனோம். மறுபடி ஸ்டூல், டீ, "நீ சொல்லு." பழுப்பு போய்ப் பச்சை எட்டிப் பார்த்தது. அடுத்த வாரம் முழுப் பச்சை. அன்றுதான் வாங்க விட்டார். "சாக்லேட்டுன்னு அன்னிக்கே வாங்கிக்கினு போயிருந்தா, வூட்ல பச்சை ஆனதும் அத்த நீ திட்டியிருப்ப. தவளை கலரு காட்டல வசந்தி, அதுக்கு இன்னா கஷ்டம்னு காட்டுது" என்றார். 'மேனேஜர்' என்று பேர் வைத்து இன்றும் வளர்த்துவருகிறேன். (சார், மன்னிக்கவும்.)

அன்று அவர் எனக்குப் பரீட்சை வைப்பதாகத்தான் நினைத்தேன். விடை தெரிந்த வாத்தியார் கேள்வி கேட்கிற மாதிரி. அவருக்கு விடை தெரியாது, நிஜமாகவே கேட்டார் என்று நினைத்தால் இப்போது எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

காசிமேட்டில் அவரோடு மீன் வாங்கிய நாளும் நினைவுக்கு வருகிறது. நான் மீனவக் குப்பத்தில் பிறந்தவள். மீனைக் கையில் எடுத்தால் முதலில் செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பது என் ரத்தத்தில் இருக்கிறது. அண்ணன் செவுளைத் தொடவே மாட்டார். மீனின் கண்ணை அழுத்துவார், வயிற்றை அமுக்குவார், முகர்ந்து பார்ப்பார். மீன்காரம்மா, "இன்னா நைனா, மீன மோந்துகினே கீற, குழம்பு வெக்கப்போறியா, கட்டிக்கப்போறியா?" என்று கேட்டார். மார்க்கெட்டே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு என் பக்கம் மீனை நீட்டி, "செவுளு எப்டி கீது, பாரு" என்றார். நான் பெருமையாகப் பார்த்துச் சொன்னேன். கடல்புறத்துப் பெண் என்று எனக்கு மரியாதை தருகிறார் என்று நினைத்தேன்.

யார்டிலும் அதே கதைதான். புதுப் பெயிண்ட் அடித்த கண்டெய்னர் ஒன்றைக் காட்டி, "பளபளன்னு கீது, ஒயுங்கா ஓகே போடு சார்" என்று ஏஜெண்ட் ஒருவர் குதித்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தகட்டைத் தடவிக்கொண்டே நடந்தார். சின்னச் சுத்தியலால் தட்டினார். ஓரிடத்தில் நின்று இன்னொரு முறை தட்டினார். பெயிண்ட் பொருக்கு உதிர்ந்து விரல் உள்ளே போயிற்று. "கண்ணு அவசரப்படும். கை அவசரப்படாது" என்றார். வசனம் பேசுகிறார் என்று நாங்கள் கைதட்டினோம். அது வசனம் இல்லை, அவர் பிழைத்த வழி.

இவ்வளவும் தெரிந்த பிறகும் என் கோபம் முழுக்க அடங்கவில்லை. பிலோ அக்காவிடமே போய்க் கேட்டேன். ஏன் மறைத்தார்?

அக்கா சொன்னது இது. அவர்கள் வீடு ரயில்வே வீடு. அப்பா எஞ்சின் டிரைவர், சித்தப்பா ரயில் கார்டு. அருளப்பன் பிறந்தபோதே அவருக்கும் எஞ்சின்தான் என்று முடிவாகிவிட்டது. பரீட்சையில் தேறினார், உடல் தகுதிச் சோதனைக்குப் போனார். அங்கே புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டினார்கள். பக்கத்துக்குப் பக்கம் வெறும் புள்ளி மட்டுமே தெரிந்ததாம். நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். பச்சையும் சிவப்பும் பழுப்பும் ஒரே குழம்பு. அப்பா அவமானத்தில் ஒரு மாதம் பேசவில்லை. பேசியபோது சொன்ன முதல் சொல், "வெளிய சொல்லாத. குருட்டுப் பையன்னு பேரு வந்தா பொண்ணு குடுக்க மாட்டாங்க, வேல குடுக்க மாட்டாங்க." அதன்பிறகு ஏன் ரயில்வேக்குப் போகவில்லை என்று யார் கேட்டாலும் அண்ணனின் பதில், "ரயிலு லேட்டா வரும், எனக்கு ஒத்துவராது" என்பதுதான். எத்தனை முறை அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம்!

"எங்கைலகூட கல்யாணம் ஆயி ரொம்ப நாள் கயிச்சுதான் சொன்னாரு" என்றார் அக்கா. "பொடவ எடுக்கச் சொல்லோ, 'நீயே பாத்து எடு'ன்னுவாரு. அடாடா, நமக்கு எவ்ளோ மரியாத குடுக்குறாருன்னு நெனச்சேன். சொல்லும்போது அழுதாரு வசந்தி. அல்லாரும் சிரிப்பாங்கன்னு பயம். இப்போ நானே போட்டு ஒடச்சிட்டேன். குழில இருக்கற மனுசன் என்ன மன்னிப்பாரா?"

அவர் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்தேன். படி இறங்கும்போது ஒரு விஷயம் மண்டையில் அடித்தது. அப்படியே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு போட்டார்கள். தவளைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பாதிப் பேர் முகத்தில் உர்ரென்று ஒரு சுருக்கம். பாபு சோற்றைப் பிசைந்தபடி, பக்கத்தில் கேட்கிற மாதிரியே, "தெர்லன்னா தெர்லன்னு சொல்லணும். அத்த வுட்டுட்டு ஊர ஏமாத்தக் கூடாது" என்றான். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. நான் இலையை விட்டு எழுந்தேன். எனக்குப் பொறுமை எப்போதும் குறைச்சல்தான்.

"சங்கரு, உன் தவளை பச்சைன்னு அண்ணன் உன்கிட்ட சொன்னாரா?"

"ஆமாக்கா. பச்சைதான்னு..." என்று ஆரம்பித்தவன் நின்றான். யோசித்தான். "இல்லக்கா. இன்னா கலருன்னு கேட்டாரு. நான்தான் பச்சைன்னேன்."

மணலி புதுநகரிலிருந்து வந்த தம்பதியைக் கேட்டேன். கணவர், "எங்களுக்கு அவர்தான் சொன்னார்" என்றார் உறுதியாக. மனைவி அவர் தொடையில் தட்டினார். "நீங்க பழுப்புன்னீங்க, நான் பச்சைன்னேன், நமக்குள்ள சண்டை வந்துச்சு. அவரு நாலு நாள் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாரு. மறந்துட்டீங்களா?" என்றார். மீஞ்சூர்க்காரர் தானாகவே, "என்னையும் கேட்டார், என் பொண்ணையும் கேட்டார், டீக்கடைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டார்" என்றார். அந்தக் கூடத்தில் ஒருவரிடம்கூட அவர் பச்சை என்றோ பழுப்பு என்றோ சொல்லியிருக்கவில்லை. ஒரு தடவைகூட இல்லை. பார்த்தது நாங்கள், சொன்னது நாங்கள். அவசரப்படாதே என்றது மட்டும்தான் அவர். அவர் கண்ணை நம்பியதாக நினைத்துக்கொண்டு இத்தனை நாளும் நாங்கள் எங்கள் கண்ணைத்தான் நம்பியிருக்கிறோம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அது விளங்கியது. 

கடைசியில் பாபுவைக் கேட்டேன். "உன் சாக்லேட்டை அது சாக்லேட் இல்லைன்னு என்னைக்காவது சொன்னாரா?"

பாபு இலையையே பார்த்தான். "இல்லக்கா."

"வேற என்ன சொன்னாரு?"

"அல்லாரும் போன அப்பால தனியா வருவாரு. 'ஏசி காத்து நேரா தொட்டில அடிக்குது பாபு, அதுக்குக் குளுருது. தொட்டிய அந்தாண்ட மாத்து. கொழாத் தண்ணிய அப்டியே ஊத்தாத, ஒரு நாள் வெச்சிருந்து ஊத்து'ன்னு சொல்லுவாரு."

"மாத்துனியா?"

"மாத்துனேன்." சோற்றை ஒதுக்கினான். "அதுக்கு அப்பாலதான் அதுங்க பச்சை ஆச்சு. நான் அத்த இத்தினி நாளு... அவரு யார்கைலயும் என்ன காட்டிக்குடுக்கல." எச்சில் கையோடு எழுந்துபோய் அக்காவின் முன் நின்றான். "மன்னிச்சிடு அண்ணி" என்றான். அக்கா அவன் இலையைக் காட்டி, "குந்து, ரசம் ஊத்திக்கோ" என்றார்.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு நானும் அக்காவும் மாடிக்குப் போனோம். பெரிய தொட்டியில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கிழட்டு டம்பி ஒன்று எங்களைப் பார்த்தது. அண்ணன் முதன்முதலாக வாங்கியது அது. "காலைல எழுந்த ஒடனே அவரு கேக்கற மொதல் கேள்வி, இன்னிக்கி அது இன்னா கலர்ல கீதுன்னுதான்" என்றார் அக்கா. "நான் அடுப்பாண்ட வேலைய வுட்டுட்டு மேல வந்து பாத்து சொல்லணும். சில நாள் சலிச்சுக்குவேன். இப்பவும் எழுந்தா கால் தானா படியேறுது. பாக்கறேன். யார்கைல சொல்றது?"

"என்கிட்ட சொல்லுங்க அக்கா" என்றேன். துக்கத்தில் வாய் தவறிச் சொல்கிற பேச்சு என்று நானே நினைத்தேன். மறுநாள் காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. அதன்பிறகு தினமும் வருகிறது.

அருளப்பன் அண்ணனுடைய சுத்தியலை யார்டில் புதிதாக வந்தவர் எடுத்துக்கொண்டார். தவளைகளைச் சங்கரும் பாபுவும் வாரம் ஒருமுறை வந்து சுத்தம் செய்து பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு என்று அவர் விட்டுப்போனது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதைக் காலையில் நான் கேட்கிறேன், அவரைப் போலவே, பதில் தெரியாமல். இன்று காலையும் கேட்டேன்.

"பச்ச, வசந்தி" என்றார் அக்கா. "நல்ல பச்ச. அவரு இல்லன்னு அதுக்கு இன்னும் தெர்ல போல."